முழுக்கை நைட்டி

சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது அந்தத் தையல்காரருக்குப் புதிதல்ல. நாற்பது வருஷமாக அதுதான் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு காயத்தை மறைப்பதற்காகக் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

மனைவியின் நைட்டிகள் எல்லாமே அரைக்கை. காலையிலிருந்து மூன்று நைட்டிகளுக்கு மணிக்கட்டுவரை துணி ஒட்டுப்போட்டுவிட்டார். நீலத்துக்கு நீலம் கிடைத்தது. பூப்போட்டதற்கு எதுவும் பொருந்தவில்லை, வெறும் வெள்ளையை வைத்தார். மகள் மூன்று மணிக்கு வருகிறாள். அவசரத்தில் மெஷின் ஊசி இரண்டு தடவை முறிந்துவிட்டது.

முந்தாநாள் குளிப்பாட்டித் துணி மாற்றும்போது மனைவி அவரைக் கன்னத்தில் அறைந்து, "யாருடா நீ, வெளியே போ!" என்று கத்தினாள். அது ஒன்றும் புதிதல்ல. மறதி நோய் வந்து இரண்டு வருஷமாகிறது. ஆனால் அன்றைக்கு அவர் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. அவளுடைய முன்கையைப் பிடித்தார். பிடித்தார் என்பதுகூடப் பொய், முறுக்கினார். அவள் வீறிட்ட பிறகும் விடவில்லை. உள்ளே ஏதோ ஒன்று 'இன்னும்' என்றது. அந்த 'இன்னும்'தான் அவரை இரண்டு நாளாக அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

இதே அறையில்தான் போன வாரம் ஜெபக்கூட்டம் நடந்தது. தேவனுடைய சுபாவத்தில் விசுவாசிகளுக்குப் பங்கு உண்டு என்றால் என்ன அர்த்தம் என்று அவர்தான் பேசினார்.

"நாம கடவுளா மாறிடறோம்னு அர்த்தமில்ல. துணி எப்பவும் துணிதான். ஆனா சாயத்துல நல்லா ஊறின துணிய எங்க கத்தரிச்சாலும் உள்ளயும் அதே நிறம் இருக்கும். அவரோட அன்பும் பொறுமையும் நமக்குள்ள அப்படித்தான் இறங்கணும்."

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி பேசிட்டீங்கண்ணே," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அவரைக் கத்தரித்துப் பார்த்தாயிற்று. உள்ளே என்ன இருந்தது? முப்பது வருஷ ஜெபமும் வெறும் மேல்பூச்சுதானா? மெஷின் பக்கத்திலேயே முழங்கால் போட்டார். "ஆண்டவரே, உம்முடைய சுபாவத்துல ஒரு இழைகூடவா என்கிட்ட ஒட்டல?" மின்விசிறிதான் கடகடத்துக்கொண்டிருந்தது.

மகள் போன தடவையே சொல்லிவிட்டாள்: "உங்களால முடியலன்னா சொல்லிடுங்கப்பா, நான் அம்மாவை என்னோட வச்சுக்கறேன்." அவர் பிடிவாதமாக மறுத்துவிட்டார். மனைவி இல்லாத வீட்டில் அவர் எந்த மூலையில் போய் உட்காருவார்? காயத்தைப் பார்த்தால் மகள் கேட்கக்கூட மாட்டாள், கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

பூப்போட்ட நைட்டியை மனைவிக்கு மாட்டிவிட்டார். இன்று அவள் சண்டை போடவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்து, ஆள் யாரென்று தானே முடிவு செய்துகொண்டாள்.

"என்ன டெய்லரே, இந்த வெயில்ல யாரு முழுக்கை கேட்டாங்க?"

"கொசு கடிக்கும்னு வச்சேங்க." வேற்றாள் என்று அவள் நினைக்கிறபோதெல்லாம் அவரும் மரியாதையாகத்தான் பேசுவார்.

அவள் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளியே விட்டுடாதீங்க. என் வீட்டுக்காரரு என் கையை முறுக்கிட்டாரு."

"அந்த ஆளு மனுஷனே இல்லீங்க," என்றார்.

"அவரைச் சொல்ல நீங்க யாரு?" அவள் சீறினாள். "மூஞ்சியப் பாரு! கல்யாணத்துக்கு எனக்குத் தைச்ச ரவிக்கையில வலது கையை இடது பக்கம் வச்சவரு அவரு. நாள் பூரா தோளைத் தூக்கிட்டே நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?" பிறகு சட்டென்று தணிந்தாள். "பாவம், களைச்சுப் போயிட்டாரு. அவருக்குன்னு ஒரு ஆள் இல்ல. வாங்க, அவருக்காக ஜெபம் பண்ணலாம்."

அவளே கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, அவர் பேரு எனக்கு வரல. உமக்குத் தெரியும். அவர்மேல கோபப்படாதேயும். எனக்கும் கோபம் இல்ல."

பெற்ற மகளின் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது. கரண்டியைப் பிடிப்பது மறந்துவிட்டது. இந்த அன்பு மட்டும் எப்படித் தங்கியது? அவள் பிடித்து வைத்திருக்கவில்லை. பிடிப்பதற்கு அவளிடம் இனி என்ன இருக்கிறது? அதுதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. தான் முழங்கால் தேயச் சம்பாதிக்கப் பார்த்தது இவளுக்குள் சும்மா கொடுக்கப்பட்டு இருக்கிறது. அதைப் பார்த்து அவருக்கு ஆறுதல் வரவில்லை. நெஞ்சு இன்னும் அதிகமாகத்தான் வலித்தது. பக்கத்தில் உட்காரவே கூசியது.

அழைப்பு மணி அடித்தது.

மகள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்னப்பா இது, உடம்பெல்லாம் பூ, கை மட்டும் வெள்ளை? இப்படித் தைச்சா கடைப்பக்கம் யாரு வருவா?"

கொசுக் கதை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் அதை விழுங்கினார்.

"கையைத் தூக்கிப் பாரும்மா."

மகள் துணியைச் சுருட்டினாள். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. "விழுந்துட்டாங்களா?"

அவளே ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இல்ல. நான் முறுக்கினேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை." கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவினார். "இல்ல, ரெண்டு. போன மாசமும்."

மகள் உள்ளே போய், அலமாரியைத் திறந்து அம்மாவின் துணிகளைக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். பாதியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். "ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவே."

"இப்பவும் கூட்டிட்டுத்தான் போவேன்."

"கூட்டிட்டுப் போம்மா." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. பின்னாலிருந்து தொட்டுடாதே, பயந்துடுவா. முன்னால வந்து நின்னு, அவளா பார்க்கிற வரைக்கும் இரு. சோறு வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோறதுக்கு முந்தி அவ கையில தொட்டுக் காட்டு. சுடலன்னு தெரிஞ்சாத்தான் வாயைத் திறப்பா. அப்புறம்..."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் மேலிருந்த பென்சிலையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்தாள்.

"மெதுவா சொல்லுங்கப்பா. எழுதிக்கறேன்."