தாளில் வராத தையல் மெஷின்

வீட்டு வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்துப்போக அண்ணன் வந்திருந்தான். அண்ணி இறந்து மூன்று மாதமாகியும் அந்த வீட்டைக் கட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கம்ப்யூட்டரில் படம் வரைவது தங்கையின் தொழில். பெரிய தாளில் அச்சடிக்கும் பிளாட்டர் கரகரவென்று தாளைத் துப்பியது.

"ஜன்னலோரம் அவ தையல் மெஷின் எங்க? ஸ்கிரீன்ல இருக்கே!" என்றான் அண்ணன்.

"பாழாப்போன பிளாட்டர்!" என்று தங்கை இன்னொரு தாள் அச்சடித்தாள். அதிலும் ஜன்னலோரம் வெறுமையாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மெஷினை மட்டும் தனியே வரைந்திருந்த அடுக்கை, அந்த லேயரை, திரையில் மட்டும் தெரியும்படி, அச்சில் வராதபடி மாற்றிவைத்ததே அவள்தான்.

"என்னடி முழிக்கற?"

அவளுக்கு மறைக்க வரவில்லை. "அண்ணிதான் போன வருஷம் செய்யச் சொன்னாங்க. 'மேஸ்திரிக்குப் போற தாள்ல என் மெஷின் வேணாம், நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். ஆனா ஸ்கிரீன்ல அழிச்சிடாத, உங்கண்ணன் பாத்தா தாங்கமாட்டார்'னாங்க."

அவள் அதிக நாள் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னதை மனைவியின் காதில் விழாமல் கடைசிவரை கட்டிக்காத்தவன் அண்ணன். தாளைச் சுருட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப அவளுக்குத் தெரியுமா? நான் தினம் சிரிச்சு நடிச்சதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் பாத்துக்கிட்டு இருந்தாளா?"