வலது கை தூக்கியவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏலாக்குறிச்சியிலிருந்து கல்லங்குறிச்சிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஒண்ணாம் வகுப்பு டீச்சராகப் போன எழுபத்தெட்டாம் வருஷத்திலும் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில், ஹெட்மாஸ்டர் பஞ்சநாதன் சார் பிள்ளைகளிடம் சொன்னதைக் கேட்டதும் பொத்துக்கொண்டு வந்தது.

"கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. புரிஞ்சுதா?"

வருஷா வருஷம் நடக்கிற ஏற்பாடாம். வலது கையாகப் பார்த்து ஹெட்மாஸ்டர் எழுப்பிவிடுவார், வகுப்பே கெட்டிக்கார வகுப்பாகத் தெரியும். கலியம்மாளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீ இடது. மறந்துடாத" என்றார்.

கலியம்மாளுக்கு ஒண்ணாம் வகுப்பில் இது இரண்டாவது வருஷம். "அ அம்மா, ஆ ஆடு" என்று சுவர்ப் படத்தைப் பார்த்து ராகமாகப் பாடுவாள். படத்தைக் கையால் மறைத்தால் திருதிருவென்று முழிப்பாள். அந்தக் குழந்தை எழுத்தைப் படிக்கவே இல்லை, பாட்டைத்தான் படித்திருக்கிறாள்! அது தெரிந்ததிலிருந்து பள்ளி விட்டபின் வேப்பமரத்தடி மணலில் அவளோடு உட்கார்ந்தேன். படம் கிடையாது, பாட்டும் கிடையாது. ஒரு எழுத்து, அதன் ஓசை, அப்புறம் அடுத்த எழுத்து. "விரல எடுக்காம இழுத்துக்கிட்டே போடி, குரலும் கூடவே வரும்" என்பேன். 'பல்' என்று முதல் சொல் வாயில் வந்த அன்று சிரித்தாள் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் நீளமான சொல் என்றால் இன்னும் திக்கினாள்.

அவகாசம்தான் இல்லை. அவள் அப்பா அரியமுத்து முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருசமா பாட்டுதான் பாடுது டீச்சர், படிப்பு ஏறல. பாடாலூர்ல எந்தங்கச்சி கைப்புள்ளய வச்சிக்கிட்டுத் திண்டாடுது. புள்ள தூக்க அங்க கொண்டுபோயி வுட்டுடறேன்."

இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கே மத்தியான பஸ்ஸுக்குத் துணிப்பையோடு வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கிளம்பட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்.

இன்ஸ்பெக்டர் விவரமான ஆள். "புத்தகம் மனப்பாடமா இருக்கும்" என்று அதை மூடி வைத்துவிட்டு, கரும்பலகையில் ஒரே ஒரு சொல் எழுதினார்.

"திருச்சியிலேருந்து நான் வந்த வழியில இருக்கற ஊரு. யாரு படிக்கிறீங்க?"

கைகள் எழும்பின. முக்கால்வாசி இடது. முன்வரிசையில் கலியம்மாள் தூக்கியது வலது! ஐயோ, மறந்துவிட்டாளா, துணிந்துவிட்டாளா? அடைக்கல மாதாவே, அவளைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"நீ வாம்மா" என்று, சார் யாரையும் எழுப்புவதற்குள் இன்ஸ்பெக்டரே அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஞ்சநாதன் சார் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். கலியம்மாள் குதிகாலைத் தூக்கி எட்டி, முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"விரல எடு! மக்குதான் விரல் வச்சுப் படிக்கும்" என்று சார் அதட்டினார்.

"சும்மா இருங்க சார்! அவ படிக்கட்டும்!" கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார்.

"பா..." விரல் நகர்ந்தது. "டா... லூ..." விரல் கடைசி எழுத்துக்கு வந்தது. குரல் வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

"தெரியலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது கொஞ்சம் மந்தம் சார். வேற புள்ளையக் கூப்பிடறேன்" என்று பஞ்சநாதன் சார் குறுக்கே வந்தார்.

கலியம்மாள் திரும்பி, அப்பா நின்ற ஜன்னலைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. விரலை மட்டும் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

"தெரியும் சார். பாடாலூர். நான் அங்க போவ மாட்டேன்."

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று, எழுத்து வாசனையே இல்லாத அரியமுத்துவுக்குத் தெரியாது. அது பாடாலூர் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, எழுத்துக் கூட்டி அவளேதான் படித்தாள் என்பது மட்டும் தெரியும். ஹாரன் மறுபடியும் அடித்தது. அவர் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"பஸ்ஸு போவட்டும் தாயி. நீ ஒன் எடத்துல போயி ஒக்காரு."