மஞ்சளாகாத குழி

தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். ஒவ்வொன்றிலும், போதை ஏறவிடாமல் தடுக்கும் புது ஊசியைச் சோதனைக்காகப் போட்டுக்கொண்ட யாரோ ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த நீர். போதை மருந்தை மடக்கிப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருள் அதில் எவ்வளவு ஊறியிருக்கிறதோ, அவ்வளவுக்குக் குழி மஞ்சளாகும். நாற்பத்தேழாம் எண் வெறும் தண்ணீராகவே நின்றது.

சோதனையைச் செய்துகொண்டிருந்தவள் குனிந்து எண்ணைச் சரிபார்த்தாள். எந்த எண் யாருடையது என்று பரிசோதனைக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. ஆனால் அவளுடைய தம்பி, ஆய்வில் சேர்ந்தபோது கொடுத்த தன் எண் அட்டையை, ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி, வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறானே. நாற்பத்தேழு.

மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் தண்ணீர்தான்.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. போதை மருந்தின் துகள் மிகச் சிறியது, உடம்பு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதனால் டெட்டனஸ் ஊசியில் இருக்கும் பெரிய புரதத்தின் முதுகில் அதை ஏற்றி உள்ளே அனுப்புகிறார்கள். பெரியவனோடு சண்டைக்கு வரும் உடம்பு சின்னவனையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவன் இப்போதுதான் வந்துபோனவன் என்றால், அவனை மட்டும் மொத்திவிட்டு உடம்பு கதவைச் சாத்திவிடலாம். அதற்காகவே சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அண்மையில் டெட்டனஸ் ஊசி போட்டதுண்டா?

தம்பி அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஆணியை மிதித்திருந்தான். தரதரவென்று இழுத்துப்போய் ஊசி போட வைத்தவள் அவள்தான். படிவத்தின் முன்னால் அவன் முழித்தபோது, இல்லை என்று எழுதச் சொன்னவளும் அவள்தான். கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், ஆய்வில் இடம் கிடைத்தால் போதும் என்று கணக்குப் போட்டாள், மேதாவி.

நாலு மாதமாக அவன் போதை மருந்தைத் தொடவில்லை. இன்று காலை பல் துலக்கிக்கொண்டே ஒரு சேதி சொன்னான். பழைய கூட்டாளி ஒருவன் சாயங்காலம் கூப்பிட்டிருக்கிறானாம். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கப் போகிறானாம், எப்படியும் போதை ஏறாதாம். அவள் திட்டினாள். ஆனால் ஆய்வு ஊசியை நம்பிப் பாதித் திட்டோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது தடுப்பும் இல்லை, நாலு மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சே நின்றுவிடும்.

தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. நேரே ஆய்வை நடத்தும் மருத்துவரிடம் போய், உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்பத்தேழு தன் தம்பி என்பதை மறைத்தது, படிவத்தில் பொய் எழுத வைத்தது, எல்லாம். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப வீட்டுக்கு ஓடுங்க."

பேருந்து சிக்னலுக்கு சிக்னல் நின்றது. பொறுக்க முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி ஓடினாள். வேலை போனால் போகட்டும், அவன் இருக்க வேண்டும்.

அவன் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஊசி உன் உடம்புல வேலை செய்யலடா. ஒண்ணுமே இல்ல. தப்பு என்னோடது." மூச்சு வாங்க ஆணியையும் படிவத்தையும் சொன்னாள்.

கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை.

"அப்ப இந்த நாலு மாசம்?"

"அது நீதான்டா. நீயாத்தான் விட்டிருக்க."

அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். மலரவில்லை. அவன் பயந்துபோயிருந்தான், சின்ன வயதில்கூட அப்படி அவனை அவள் பார்த்ததில்லை.

"மனசு அந்தப் பக்கம் போறப்பல்லாம், எப்படியும் ஏறாது, எதுக்கு வீணான்னு சொல்லிச் சொல்லித்தான்க்கா விட்டேன். இனி என்னத்தச் சொல்லி விடுவேன்?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பையில் தொலைபேசி அடித்தது, கூட்டாளி. அதை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"நீ வெச்சுக்க."

அது நிற்பதும் அடிப்பதுமாக இருந்தது. ஒரு காலில் ஷூவோடு அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டியதைக் கழற்றவும் இல்லை, மற்றதை மாட்டவும் இல்லை.