நான்கு ரகக் கேரட்டும் ஒரு கணவரும்

கேரட்டம்மாவின் கணவர் அந்தச் செவ்வாய்க்கிழமை ஊதா நிறத்தில் எழுந்தார். உள்ளங்கைகள் மட்டும் ஆரஞ்சு, விழியின் வெள்ளை நல்ல மஞ்சள். மற்றபடி காய்ச்சல் ஏதும் இல்லை, காபி கேட்டார்.

கேரட்டம்மா என்பது தெரு வைத்த பெயர். காய்கறி ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை. ஊதா, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை ஆகிய நான்கு ரகக் கேரட்டில் எந்த நிறமி எவ்வளவு இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக் குளிர்ப்பெட்டி மண்டையைப் போட்டதால், பருவத்தின் கடைசி மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் அவருக்குப் பசியே எடுத்திருக்கிறது.

“நாலு கலர்ல இருந்துச்சே, நாலு ருசி இருக்கும்னு நினைச்சேன். கடைசில எல்லாம் கேரட்தான்!” என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

“என் வேலையையே தின்னுட்டு ருசி வேற சரியில்லையா உங்களுக்கு?”

வேறு கேரட் இல்லை. ஆகவே அவரையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் ஆய்வுக்கூட மேஜைமேல் உட்கார வைத்தாள். ஈரப் பஞ்சால் தோளைத் துடைத்ததும் ஊதா இறங்கியது. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவந்தது, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையானது; ஆந்தோசயனின், சந்தேகமே இல்லை. உள்ளங்கை தண்ணீருக்கு மசியவில்லை, எண்ணெய்க்குத்தான் நிறம் விட்டது, கரோட்டின். மஞ்சள் ரகத்து லூட்டின் கண்ணுக்குப் போவது வழக்கம்தான். சோதிக்க ஒரு சொட்டுக் கண்ணீர் தேவைப்பட்டது. மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள், கிடைத்தது.

வெள்ளை ரகம்தான் அகப்படவில்லை. காதுக்குப் பின்னால், கால்விரல் இடுக்கில், நாக்குக்கு அடியில் என்று மூன்று நாள் தேடினாள்.

“வெள்ளைய எங்கதான் வெச்சிருக்கீங்க?”

“ஏன், பாக்கெட்டையும் ஒரு தடவ பாத்துடேன்.”

வெள்ளி மதியம் டைரக்டரே வந்துவிட்டார். “நாலு ரகம் கேட்டேன், மூணு இருக்கு. இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?” என்றார். கேரட்டம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கணவரை வாசலுக்குத் தள்ளினாள். “போங்க! என் கண்ணு முன்னால நிக்காதீங்க!”

அவர் வெயிலில் போய் நின்றார். கருந்தார் போட்ட முற்றத்தில் அவர் நிழல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக விழுந்தது.

டைரக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிறமி அளக்கும் கருவியைத் தூக்கிவரச் சொல்லி நிழல்மேல் வைத்தார். முள் அசையவில்லை. “நிறமி இல்லை. வெள்ளைக்கு அப்படித்தான் வரணும்” என்று கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமானது.

ஊதா வெளுக்க ஒரு மழைக்காலம் பிடித்தது. அடுத்த பருவத்தில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகத் தக்காளி வந்து இறங்கியபோது டைரக்டர் கேரட்டம்மாவைக் கூப்பிட்டு, “வீட்டுக்காரரை வெறும் வயித்தோட வரச் சொல்லுங்கம்மா” என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஆய்வுக்கூடம் திறப்பதற்கு முன்பே கணவர் வந்து, கையைக் கழுவிக்கொண்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.