இளமதியின் கம்போடியச் சேவை

கம்போடியாவுக்குச் சேவை செய்யப் போய்த் திரும்பிய நாளிலிருந்து இளமதியின் நடையே மாறிவிட்டது. சிதம்பரத்தில் அவள் படித்த கல்லூரியிலிருந்து தேர்வாகிப் போன மாணவர்களில் அவளும் ஒருத்தி. அங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தாள். போன வேகத்திலேயே வயிறு கெட்டுப் படுத்துவிட்டாள். தங்கியிருந்த வீட்டுப் பெண் போபாவும் அவள் அம்மாவும்தான் கஞ்சி வைத்துக் கொடுத்துத் தேற்றினார்கள். யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்பதில் கொஞ்சம் குழப்பம்தான். அந்தக் குழப்பத்தை மட்டும் அவள் ஊருக்குக் கொண்டுவரவில்லை.

கொண்டுவந்தது ஒரு போட்டோ. வெளுத்துப்போன பைஜாமாவில், கையில் கரண்டியோடு போபாவின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ‘கையில் ஒன்றுமில்லை, சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை’ என்று எழுதி இளமதி அதை இன்ஸ்டாகிராமில் போட்டாள். கல்லூரியில் அனுபவம் பேசச் சொன்னார்கள். எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும் என்பதைக் கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே, புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். சரியாக அந்த இடத்தில் அடைத்தது. கைதட்டல் ஓய நேரமானது.

அந்த வருஷ மழையில் கடலூர் முதுநகரில் இவர்கள் தெருவிலும் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு, வெளிநாட்டு மாணவர்கள் சிலர் அங்கன்வாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார்கள். மொழிபெயர்க்க இளமதி போனாள். அதில் கிளாரா என்ற ஜெர்மன் பெண் அவளோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இளமதியின் அம்மா தில்லையம்மாள் பழைய நைட்டியில், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கிளாரா ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அது கிளாராவின் இன்ஸ்டாகிராம் பதிவாக இளமதியின் போனில் வந்து நின்றது. ‘எதுவுமே இல்லாத பெண். ஆனாலும் என்ன ஒரு சிரிப்பு!’

இளமதி கொதித்துப்போய் அம்மாவிடம் படித்துக் காட்டினாள்.

“எதுவுமே இல்லாதவளா? ஆபீஸ்ல சூப்பிரண்டா இருக்கறவடி நான். மேல ரெண்டு ரூமு கட்டி ஏசி போட்டிருக்கேனே, அதையும் சேத்து எடுத்திருக்கலாம்ல?” என்றாள் தில்லையம்மாள்.

“அப்புறம் ஏம்மா அப்பிடி சிரிச்சே?”

“சிரிக்காம? அந்தப் பொண்ணு பேண்டு பின்னாடி பூரா பச்சை பெயிண்டு. செவுத்துல இருந்ததவிட அங்கதான் ஜாஸ்தி.”

இளமதி கோபம் தணியாமல் கிளாராவுக்கு எழுத உட்கார்ந்தாள். ‘என் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?’ அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது. போபாவின் அம்மா என்ன வேலை செய்கிறார்? அவர் வைத்த கஞ்சியை அத்தனை தடவை குடித்தவளுக்கு அது தெரியவில்லை. இவளும் கேட்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டுப் போபாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. ‘அம்மா பேங்க் மேனேஜர். உனக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அந்த வாரம் லீவு போட்டார்.’

இளமதி தான் போட்டிருந்த அந்தப் போட்டோவை இன்ஸ்டாகிராமிலிருந்து நீக்கிவிட்டுப் போபாவிடம் மன்னிப்புக் கேட்டாள். போபா சிரிக்கும் பொம்மைகளாக அனுப்பினாள். அதில் மன்னிப்பு எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இளமதியால் கடைசிவரை பிரிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளாராவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவளைத் திட்டவில்லை. தன் கதையை வயிறு கெட்டதிலிருந்து ஆரம்பித்து, தொண்டை அடைத்தது வரைக்கும் சொன்னாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்த கிளாரா பாதியில் நிறுத்தினாள். காது வரை சிவந்துபோனாள். பிறகு தில்லையம்மாளைப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

இளமதி அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம். தில்லையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சொல்றேன், அப்பிடியே அவகிட்ட சொல்லு. ஒண்ணு விடாத” என்று, தனக்கு வரவேண்டிய புரமோஷன் தள்ளிப்போன விவகாரத்தை ஆரம்பித்தாள். அந்தக் கதையை இளமதியும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள். கிளாரா குழம்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.