பட்டை சீவாத மரம்

விடியற்காலைப் பனியில் ஏழு பேர் கடப்பாரை போட்டு நெம்பி, புளிய அடிமரம் ஒன்றை ரம்ப மேடைக்கு உருட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை மரம், கல்லாய்க் கனத்தது. தோலுரிந்த தோள்களில் வியர்வை பட்டு எரிந்தது. வழக்கமாக, "ஏலே, இன்னும் ஒரு தம்!" என்று கூவும் மேஸ்திரி மாடசாமி இன்று ஓரமாக நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து ஜூஜுவாடி மர மில்லுக்குப் பிழைக்க வந்தவர். பத்தொன்பது வருஷமாக ஊர்ப் புளியமரம் எது வந்தாலும் உளியால் பட்டையைச் சீவிப் பார்த்த பிறகே ரம்பத்தில் ஏற்றுவார். பேய் ஓட்டுகிறவர்கள் புளியமரத்தில்தான் ஆணி அடித்து முடிப்பார்கள். மரம் பெருத்து ஆணியை விழுங்கிவிடும். கறுத்த கறை தெரிந்தால் உள்ளே இரும்பு என்று அர்த்தம். ஒரு மரத்தைப் பார்த்து முடிக்க அரைமணி நேரமாகும்.

அந்த அரைமணி நேரம்தான் முதலாளி மோகன்குமாரின் கண்ணை உறுத்தியது. "சீவுறதெல்லாம் போதும் மேஸ்திரி. மத்தியானத்துக்குள்ள லாரி கெளம்பணும்" என்றார் போன வாரம். குடியிருக்கும் அறையும் முதலாளியுடையது. மாடசாமி தலையாட்டிவிட்டார். அதன்பின் சீவாமல் ஏற்றிய மூன்றாவது மரத்தில் ஆணி இருந்தது. ரம்பம் அறுந்து தெறித்ததில், மரத்தைத் தள்ளிக்கொடுத்த வெங்கடப்பனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அதற்குப் பிறகும் உத்தரவு மாறவில்லை.

அன்று மில்லிலேயே கிடந்துபோன சோற்றுத் தூக்கை வாங்கிப்போக வெங்கடப்பனின் மனைவி முனிலட்சுமி வந்திருந்தாள்.

"மேஸ்திரி அண்ணன் சீவிப் பாக்காம ஏத்த மாட்டாரு, நீ பயப்படாதன்னு தெனமும் சொல்லிட்டுத்தான் வருவாரு. அன்னைக்குப் பாக்கலியாண்ணா?"

"பாக்கலம்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

மோகன்குமார் ஒரு தாளோடு வந்தார். "ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. வெங்கடப்பன் குடிச்சிட்டு மிஷின்ல கைய வெச்சான்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு."

"அவன் குடிக்கல சார். சீவாம ஏத்தச் சொன்னது நீங்க. ஏத்துனது நான். அப்படி எழுதுங்க, போடுதேன்."

"உன் பேரும்தான் கெடும்."

"கெடட்டும். அவன் கையே போயிட்டு."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

இந்த ஊரில் மாடசாமிக்கு வேறு கூரை இல்லை.

மரத்தைப் பிடித்திருந்த கோபி கடப்பாரையைக் கீழே போட்டான். அவருடைய உளியை எடுத்து மேடையில் கிடந்த மரத்தைச் சீவத் தொடங்கினான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். நாலாவது சீவலில் கறுப்பு தெரிந்தது. இன்னும் தோண்டினான். ஆணியின் தலை தெரிந்தது.

"இன்னைக்கு யார் கை சார்?" என்றான்.

மரத்தூள் அள்ளிக்கொண்டிருந்த பூங்கொடி போய் மோட்டாரை நிறுத்தினாள். "அண்ணனுக்கு எங்க வீட்ல எடம் இருக்குது. இன்ஸ்பெக்டர் வரட்டும், நாங்களும் சொல்றோம்."

"நாளைக்கே வேற ஆளுங்கள எறக்குவேன்!"

"எறக்குங்க. அவங்களுக்கும் இந்த ஆணியக் காட்டுறோம்" என்றாள் பூங்கொடி.

ஏழு பேரும் மரத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். மாடசாமி ஆணியைத் தொட்டுப் பார்த்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வாசல்வரை போயிருந்த முனிலட்சுமி திரும்பி வந்தாள். அவர் பக்கத்தில் உட்காரவில்லை. மரத்தின் அந்தப் பக்கம், பூங்கொடிக்கு அருகில், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.