மாமியாரின் கடைவாய்ப் பல்

மாமியாருக்கு மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்வதற்குள் எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று திரும்பியபோதுதான், கம்ப்யூட்டர் படுத்துவிட்ட விஷயம் பல் டாக்டருக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே மென்பொருள் திறக்கவே இல்லை. காலையில் அது அப்டேட் கேட்டது. சரி என்று கொடுத்தார். பத்து நிமிடமாகியும் முடியாததால் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே நாலு பேர் காத்திருப்பதாக நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் பழுது நீக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஒரு மென்பொருள் தொகுப்பு பாதியில் நிற்கிறது, அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது திரை. அந்த இன்னொன்றை நிறுவப் போனால், முதலில் இதைச் சரிசெய் என்றது. மூன்று முறை அலைக்கழித்த பிறகு அதுவே ஒரு வழியும் சொன்னது: 412 தொகுப்புகளை நீக்கிவிடலாமா, ஆம் அல்லது இல்லை. ஏதோ ஒரு வழி பிறந்ததே என்று டாக்டரின் விரல் 'ஆம்' பக்கம் போனது.

நாற்காலியிலிருந்து ஒரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

மாமியார் ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய அலுவலகத்தின் சர்வர் அறையைக் கட்டி மேய்த்தவர். கல்யாணமான பதினோரு வருடத்தில் மாப்பிள்ளை அவரிடம் கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி, டிவி ரிமோட் எங்கே என்பதுதான்.

"நீங்க படுத்துக்கங்க அத்தை, நான் பாத்துக்கறேன்."

பாதி வாய் மரத்திருந்த மாமியார் ஏதோ சொன்னார். ஒரு எழுத்தும் புரியவில்லை. கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை அவிழ்த்து, டாக்டரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி எழுதினார்: 'இல்லை என்று கொடுங்கள். எக்ஸ்ரேயும் சேர்ந்து போய்விடும். எழுந்திருங்கள்.'

டாக்டர் எழுந்தார்.

மாமியார் முதலில் கம்ப்யூட்டரில் எங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். சிஸ்டம் தொடங்கும் பகுதியில் எள் போட இடமில்லை. நாலு வருட அப்டேட்டுகளில் வந்த பழைய கெர்னல்கள், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிகள், ஒன்றுகூட நீக்கப்படாமல் குவிந்திருந்தன. புதியதற்கு இடமில்லாமல்தான் காலையில் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துடைத்துப் போட்டார். பாதியில் நின்றவற்றை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. எச்சில் வழியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, டாக்டர் கைகட்டி நின்றார்.

ஒன்றரை மணி நேரத்தில் எக்ஸ்ரே படம் வந்தது. டாக்டர் தோண்ட நினைத்திருந்த பல் கல் மாதிரி இருந்தது. சொத்தை பக்கத்துப் பல்லில்.

அதற்குள் மரப்பு தணிந்து மாமியாருக்குப் பேச்சு வந்திருந்தது.

"காலையில நடுவுல அணைச்சீங்களா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"சரி. இன்னொரு ஊசி போடுங்க."

சாயங்காலம் மகள் விசாரித்தபோது, மாப்பிள்ளைக்கு நல்ல கைராசி என்று மட்டும் சொன்னார் மாமியார். மிச்சக் கதையை டாக்டரே சொல்ல வேண்டியதாயிற்று. மனைவி சிரிக்கவில்லை.

"நம்ம வீட்டு மெஷினையும் கொஞ்சம் பாத்துடும்மா," என்றாள் அம்மாவிடம்.

டாக்டர் போய் மாமியாருக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்து மேசையருகே இழுத்துப் போட்டார்.